முதல் ஃபல்ஸ் எதுவாக இருக்கட்டும்?

துபாயிலோ ஷார்ஜாவிலோ வேலை பார்த்தவர்களுக்கு பில்ஸ் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நூறு பில்ஸ் ஒரு திர்ஹம். குவைத்தில் ஆயிரம் பில்ஸ் ஒரு தினார். கடைக்காரர் மீதியாகத் தரும் அந்தச் சில்லறையின் பெயருக்கு வயது ஆயிரத்து முந்நூறுக்கு மேல். கிழக்கு ரோமப் பேரரசில், அதாவது பைசாந்தியத்தில், புழங்கிய ஃபோலிஸ் என்ற செப்புக் காசு அரபு நாவில் ஃபல்ஸ் ஆனது. அதன் பன்மை ஃபுலூஸ். வளைகுடாவில் பணத்துக்கே இன்று அந்தச் சொல்தான்.

ஆரம்ப கால இஸ்லாமியக் காசுகளைச் சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தங்க தினாரைப் படத்தில் பார்த்து மயங்கி, விலையைப் பார்த்துப் பின்வாங்கி, கடைசியில் இந்தச் செம்புக்கு வருகிறார்கள். நான் வந்ததும் அப்படித்தான். வந்த பிறகு தங்கத்தின் மேல் ஏக்கம் இல்லை. தினாரில் வரி கட்டினார்கள், படைக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ரொட்டியும் வெங்காயமும் வாங்கியது ஃபல்ஸில். ஏலப் பட்டியல்களில் ‘வெண்கலம்’ என்று போட்டிருந்தாலும் இவற்றில் பெரும்பாலானவை செம்புதான். அதனால் இங்கே செப்புக் காசு என்றே எழுதுகிறேன்.

கையில் இருப்பது அளவான தொகை. முதல் காசு எந்த வகையில் இருக்கட்டும்? எனக்குத் தெரிந்து நான்கு வழிகள் உண்டு. நான்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது. உங்களுக்கு எந்த எழுத்து படிக்க வரும் என்பதைப் பொறுத்தே பாதி முடிவு அமையும்.

மிக மலிவானதிலிருந்து தொடங்குகிறேன். கி.பி. 636இல் யர்மூக் போருக்குப் பிறகு சிரியா பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸின் கையை விட்டுப் போயிற்று. ஆட்சி மாறியது, சந்தை மாறவில்லை. அரபு ஆட்சியாளர்கள் உடனே நாணயம் அடிக்கவில்லை. பழைய பைசாந்தியக் காசுகள் ஓடின. 641இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் கான்ஸ்டன்ஸின் காசுகள் எல்லை தாண்டி வந்தும் புழங்கின. அவை போதாதபோது உள்ளூரிலேயே அவற்றைப் பார்த்து அடித்துக்கொண்டார்கள். மூலக் காசில் பேரரசர் நீண்ட சிலுவையைப் பிடித்து நிற்பார். சுற்றிலும் ‘இதனால் வெல்வாய்’ என்ற கிரேக்க வாசகம் இருக்கும். பின்புறம் பெரிய M. அது எழுத்தல்ல, எண்: கிரேக்கக் கணக்கில் 40, அதாவது நாற்பது நும்மி மதிப்பு; நும்மி என்பது பைசாந்தியச் சில்லறையின் சிறிய அலகு. உள்ளூர்ப் பிரதியில் அந்த வாசகம் தலைகீழாகும், பாதியாகும், கடைசியில் வெறும் கோடுகளாகும். தகடும் ஒழுங்கான வட்டமாக இராது. வெட்டிய கோணம் அப்படியே தெரியும்.

இந்தப் பிரதிகள் குவியலாகக் கிடைக்கும். நானும் முதலில் குவியலைத்தான் வாங்கினேன். ஒரு விற்பனையாளரிடம் பதினொரு காசுகள், எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல காசின் விலை. இரண்டு மாதம் உருப்பெருக்கியோடு உட்கார்ந்தேன். பதினொன்றில் ஒன்றுகூட எந்த ஊரில் அடித்தது என்று சொல்லவில்லை. ஆண்டும் இல்லை, ஆட்சியாளர் பெயரும் இல்லை. பேரரசரின் முகம் சில காசுகளில் குழந்தை வரைந்த கோட்டுப் படம் போல இருந்தது. அந்த முகங்களில் ஓர் அழகு இருக்கிறது, மறுக்கவில்லை. பழகிய கண்ணுக்கு இவை பெரிய விருந்து: ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளைப் பொருத்துவது, எந்தப் பாணி எந்த வட்டாரத்தில் அதிகம் கிடைக்கிறது என்று பார்ப்பது என்று வேலை நிறைய உண்டு. ஆனால் முதல் காசு வாங்குபவருக்கு இது பேசாது. பேசாத காசோடு தொடங்கியவர்கள் ஆறு மாதத்தில் சேகரிப்பையே விட்டுவிடுகிறார்கள். மலிவைப் பார்த்து இதில் இறங்க வேண்டாம் என்பேன்.

அடுத்தது இருமொழிக் காசு. முஆவியா 661இல் கலீஃபா ஆகி திமஷ்கைத் தலைநகராக்கினார். திமஷ்க் என்பது நமக்குப் பழக்கமான டமாஸ்கஸ். அவர் காலத்துக்கும் பின்னால் வந்த கலீஃபா அப்துல் மலிக்கின் ஆட்சித் தொடக்கத்துக்கும் இடையே சிரிய நகரங்கள் சில முறையாக அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் பட்டறை, வைத்து அடித்த காசுகள் இவை. படம் இன்னும் பைசாந்தியப் பேரரசருடையதுதான், சிலுவையும் அப்படியே இருக்கிறது. ஆனால் இரண்டு பெரிய மாற்றங்கள்: ஊரின் பெயர் வந்துவிட்டது, அரபு எழுத்தும் வந்துவிட்டது.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ஹிம்ஸ் நகரத்துக் காசு. முன்புறம் கையில் உலக உருண்டையோடு பேரரசரின் மார்பளவு உருவம். அவருக்கு ஒரு பக்கம் கிரேக்கத்தில் ‘கலோன்’, மறுபக்கம் அரபியில் ‘பி ஹிம்ஸ்’, அதாவது ஹிம்ஸில். திருப்பினால் வளைந்த m எழுத்து, இருபுறமும் கிரேக்கத்தில் எமிசா என்ற ஊர்ப்பெயர், அடியில் அரபியில் ‘தய்யிப்’. கலோன் என்றாலும் தய்யிப் என்றாலும் ‘நல்லது’ என்று பொருள். திமஷ்க் காசு சிலவற்றில் தய்யிபுக்குப் பதில் ‘ஜாயிஸ்’ என்று இருக்கும். அதற்கு நேர்த் தமிழ் நம் பேச்சிலேயே உண்டு: ‘செல்லும்’. செல்லாக் காசு என்று நாம் சொல்கிறோமே, அதன் மறுபக்கம். புதிய ஆட்சி, பழைய முகம், கிரேக்கம் பேசும் வியாபாரி ஒருவர், அரபி பேசும் படைவீரர் ஒருவர். இரண்டு பேருக்கும் அவரவர் மொழியில் ‘இது நல்ல காசு, வாங்கிக்கொள்’ என்று உறுதி கொடுக்கிறது மூன்று நான்கு கிராம் செம்பு. நாணயம் என்ற சொல்லுக்கு நேர்மை என்றும் பொருள் வைத்திருக்கும் மொழிக்காரருக்கு இது கூடுதலாக இனிக்கும்.

தபரிய்யா காசில் மூன்று பேர் வரிசையாக நிற்பார்கள்; பால்பெக் காசில் இரண்டு பேர், பக்கத்தில் கிரேக்கத்தில் ஹீலியோபோலிஸ் என்ற பழைய பெயர். பைசானிலும் ஜெரஷிலும் அடித்த பெரிய காசுகளில் இருவர் அரியணையில் உட்கார்ந்திருப்பார்கள். அது ஆறாம் நூற்றாண்டுப் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினும் அரசி சோஃபியாவும் இருக்கும் பழைய காசின் நகல். நூறாண்டு பழைய படத்தை எடுத்து அடித்திருக்கிறார்கள், சந்தை நம்பிய படம் அது என்பதால். இவை ஹிம்ஸ் காசைவிட அபூர்வம், விலையும் ஏறும்.

அரபு எழுத்து தெரியாதவர்களுக்கு இந்த இருமொழிக் காசுதான் நல்ல வாசல். ஆங்கிலப் பெரிய எழுத்து படிக்கத் தெரிந்தால் கிரேக்கத்தில் பாதி படித்துவிடலாம். C என்று தெரிவது ‘ஸ்’, P என்று தெரிவது ‘ர்’ என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். கிரேக்கத்தில் ஊர் தெரிந்துவிட்டால் எதிரே உள்ள அரபு எழுத்தையும் அதைக்கொண்டே கூட்டிப் படிக்கலாம். எனக்குக் கூஃபி என்னும் பழைய கோண வடிவ அரபு எழுத்தின் முதல் பாடம் ஹிம்ஸ் காசில்தான் கிடைத்தது: ஹா, மீம், ஸாத்.

மூன்றாவது, படத்துக்காக எல்லோரும் விரும்புவது: நிற்கும் கலீஃபா காசு. அப்துல் மலிக் 685 முதல் 705 வரை ஆண்டவர். 690களில் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் பைசாந்தியப் பேரரசரை நீக்கிவிட்டு, நீண்ட அங்கியும் தாடியுமாக, வாளின் பிடியில் கைவைத்து நிற்கும் ஓர் அரபு உருவத்தைக் காசில் கொண்டுவந்தார். சுற்றிலும் அவர் பெயரும் ‘அமீருல் முஃமினீன்’, அதாவது நம்பிக்கையாளர்களின் தலைவர், என்ற பட்டமும். பின்புறம் படிக்கட்டின் மேல் ஒரு தூண். பைசாந்தியத் தங்கக் காசில் அந்தப் படிகளின் மேல் சிலுவை நின்றது; குறுக்குக் கட்டையை எடுத்துவிட்டு உச்சியில் ஒரு வளையம் வைத்தார்கள், படிகளை எடுக்கவில்லை. ஒரு அடையாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நடுவழியை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் பொருள் அருங்காட்சியகத்திலேயே அதிகம் கிடையாது.

அலெப்போ என்னும் ஹலப், கின்னஸ்ரீன், மன்பிஜ், ஹிம்ஸ், ஹர்ரான், அம்மான் என்று அக்கசாலைப் பட்டியல் நீளம். ஹலப் காசுகள் ஓரளவு எளிதாகக் கிடைக்கின்றன. தூணுக்கு ஒரு பக்கம் ஊர்ப்பெயர், மறுபக்கம் ‘வாஃபின்’, எடை குறையாதது என்று. பாலஸ்தீனப் பகுதியில் மட்டும் தூண் வரவில்லை. அங்கே பழைய M அப்படியே நின்றுவிட்டது. ஜெருசலேமில் அடித்த அந்தக் காசில் உருவத்தைச் சுற்றி ‘முஹம்மதுர் ரசூலுல்லாஹ்’ என்றும் M பக்கத்தில் ‘ஈலியா ஃபலஸ்தீன்’ என்றும் இருக்கும்; ஈலியா ஜெருசலேமின் பழைய பெயர். அது விலை உயர்ந்தது. முதல் காசாக நினைக்கவே வேண்டாம்.

இந்த வகையில் ஒரு சிக்கல். படம் விற்கிறது என்பதால் தேய்ந்த காசுக்கும் நல்ல விலை சொல்வார்கள். உருவம் தெளிவாக இருக்கும், ஊர்ப்பெயர் தகட்டுக்கு வெளியே போயிருக்கும். அச்சைவிடத் தகடு சிறியது என்பதால் அடிக்கடி நடப்பது இது. என் கணக்கில் முகம் மங்கி ஊர்ப்பெயர் தெரியும் காசு, முகம் தெளிந்து ஊர்ப்பெயர் போன காசைவிட இரண்டு மடங்கு மேல். விற்பனையாளர்கள் விலை வைப்பது நேர்மாறாக. அந்த இடைவெளியில்தான் சின்னத் தொகை வைத்திருப்பவர்கள் நல்ல காசு பிடிக்க முடியும்.

நான்காவது வகையைப் பார்த்ததும் பலர் தள்ளிவிடுவார்கள்: படம் இல்லை, வெறும் எழுத்து. ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696–97இல், அப்துல் மலிக் தங்கக் காசிலிருந்து உருவத்தை முழுவதுமாக எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் வைத்தார். இரண்டு ஆண்டில் வெள்ளி திர்ஹமும் அப்படியே ஆனது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் எடையும் வாசகமும் மையத்திலிருந்து கட்டுப்படுத்தப்பட்டன; தினார் சுமார் 4.25 கிராம். செம்பை அப்படிக் கட்டிப்போடவில்லை. வாசகம் பொதுவானது, மற்றதெல்லாம் அந்தந்த ஊர் நிர்வாகத்தின் விருப்பம். எடை 2 கிராமிலிருந்து 5 கிராம் வரை ஓடும். திர்ஹத்தில் இல்லாத படங்கள் செம்பில் நுழைந்துவிட்டன: பேரீச்சை, சிங்கம், யானை, பாலைவன எலி, ஐந்து கிளை விளக்குத்தண்டு. ‘சீர்திருத்தத்துக்குப் பின் உருவம் இல்லை’ என்று பாடப்புத்தகம் சொல்வதைச் சந்தைச் சில்லறை கேட்கவில்லை.

பெரும்பான்மைக் காசுகள் எழுத்து மட்டும்தான். ஒரு பக்கம் நடுவில் ‘லா இலாஹ இல்லல்லாஹ் வஹ்தஹு’, மறுபக்கம் நடுவில் ‘முஹம்மதுர் ரசூலுல்லாஹ்’. விளிம்பில், நல்ல காசாக இருந்தால், ‘பிஸ்மில்லாஹ், இந்த ஃபல்ஸ் இன்ன ஊரில் இன்ன ஆண்டில் அடிக்கப்பட்டது’. மதரசாவில் ஓதியவர்களுக்குக் கலிமா மனப்பாடம். கூஃபி எழுத்து கண்ணுக்குப் புதிதாக இருந்தாலும் என்ன எழுதியிருக்கும் என்று முன்பே தெரியும். தெரிந்த வாசகத்தை வைத்துத் தெரியாத எழுத்தைப் பிடித்துக்கொள்ளலாம். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ வளர்ந்த ஒருவருக்கு ஐரோப்பியச் சேகரிப்பாளரைவிட இங்கே பெரிய முன்னிலை இருக்கிறது. இந்தப் பலத்தை நம்மில் பலர் கவனித்ததே இல்லை என்பது என் வருத்தம்.

கூஃபியில் புள்ளி கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பா, தா, நூன், யா எல்லாம் ஒரே பல். அதனால் ஆண்டு படிப்பதில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. ஏழு என்பது ‘ஸப்அ’, ஒன்பது என்பது ‘திஸ்அ’. புள்ளிகளை எடுத்துவிட்டால் இரண்டும் நான்கு பல்லும் ஓர் ஐனும்தான். திமஷ்க் காசில் 87ஆ 89ஆ என்று பார்க்க எந்தப் பல் சற்று உயரம் என்று தேட வேண்டும். எண்கள் சொல்லாகவே எழுதப்படும், இலக்கமாக அல்ல. இதைச் சலிப்பாக நினைப்பவர்களுக்கு இந்த வகை வேண்டாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இதைவிட நல்ல வேலை கிடையாது.

இந்த வகைக்குள்ளேயே எகிப்து தனி. அங்கே பைசாந்தியர் காலத்திலேயே 12 நும்மிக் காசுதான் ஓடியது, கிரேக்கக் கணக்கில் 12ஐக் காட்டும் IB என்ற குறியோடு, தடித்துச் சிறியதாக. அரபு ஆட்சியிலும் அந்தத் தடிமன் போகவில்லை. நிதி அதிகாரி அல்காஸிம் இப்னு உபைதுல்லாஹ் பெயரோடு வரும் ஃபல்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. ஃபல்ஸின் எடையைச் சரிபார்க்க எகிப்தில் கண்ணாடியில் எடைக்கற்கள் செய்தார்கள். இத்தனை கர்ரூபா எடையுள்ள ஃபல்ஸ் என்று அதிலேயே முத்திரை இருக்கும். கர்ரூபா ஒரு மரத்தின் விதை. நம் தட்டார்கள் குன்றிமணியில் பொன் நிறுத்தது போலத்தான். காசும் கண்ணாடி எடையுமாக ஒரு இணை சேர்ப்பது பிற்பாடு வைத்துக்கொள்ளக்கூடிய நல்ல இலக்கு.

அடுத்து வந்த கலீஃபா மரபான அப்பாசியர் காலச் செம்பில் ஆளுநர் பெயர்கள் வரும், வாசகம் நீளும். பாக்தாத் என்னும் மதீனத்துஸ் ஸலாமில் ஹிஜ்ரி 157இல் அடித்த ஃபல்ஸ் அந்தப் புகழ்பெற்ற நகரம் எழுந்து சில ஆண்டுகளே ஆனபோது வந்தது, இன்றும் எட்டும் விலையில் இருக்கிறது. ஈரானின் பிஷாபூர், இஸ்தக்ர் பக்கத்து அரபு-சாசானியச் செம்பு, அதாவது பழைய பாரசீகச் சாசானியர் காசின் பாணியில் அரபு ஆட்சியில் அடித்தது, பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து தெரியாமல் தொடக்கூடாதது, அதை விட்டுவிடுகிறேன்.

இனி என் தீர்ப்பு. அரபு எழுத்து ஓரளவு தெரிந்தவர்கள் நான்காவது வகையில் திமஷ்க் அல்லது ரம்லா ஃபல்ஸ் ஒன்றோடு தொடங்குங்கள். தெரியாதவர்கள் ஹிம்ஸ் இருமொழிக் காசோடு. நிற்கும் கலீஃபா இரண்டாவதோ மூன்றாவதோ காசாக இருக்கட்டும், அதுவும் ஊர்ப்பெயர் தெரிவதாக. ஊர்ப்பெயர் இல்லாத பிரதிகளைக் கடைசியில் வாங்குங்கள். அதற்குள் மூலக் காசு உங்கள் கண்ணில் பதிந்திருக்கும், பிரதி எடுத்தவன் எங்கே திணறினான் என்று அப்போது தெரியும். எதையும் வாங்குமுன் ஜீனோ என்ற இணையத் தொகுப்பில் அதே வகைக் காசுகளைப் பாருங்கள். ஸ்டீஃபன் ஆல்பம் தொகுத்த இஸ்லாமியக் காசுப் பட்டியலின் எண்ணைத்தான் விற்பவர்கள் எல்லோரும் குறிப்பிடுவார்கள். அந்த எண்களோடு பழகிக்கொள்வது நல்லது.

எந்த வகையானாலும், விலைக்கு முன்னால் இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 2011இல் சிரியப் போர் தொடங்கிய பிறகு அபாமியா போன்ற பழம்பதிகளில் பல்லாயிரம் குழிகள் தோண்டியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஐ.நா. பாதுகாப்பு அவை 2015 பிப்ரவரியில் 2199ஆம் தீர்மானத்தில் சிரியா, ஈராக்கிலிருந்து கடத்தும் தொல்பொருள் வியாபாரத்தைத் தடுக்கச் சொன்னது. செப்புக் காசு விஷயத்தில் இது கூடுதலாக உறுத்த வேண்டும். தங்கம் நாடு தாண்டிப் பயணம் செய்யும். செம்பு பெரும்பாலும் அடித்த ஊரைச் சுற்றியே புழங்கி அங்கேயே மண்ணில் விழும். எந்தத் தரையில், எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் ஒரு கட்டடம் எப்போது எழுந்தது, எப்போது இடிந்தது என்று ஆய்வாளருக்குச் சொல்லும். பைசான் நகரம் 749ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சரிந்தது. அந்த இடிபாட்டுக்கு அடியில் கிடக்கும் ஒரு ஃபல்ஸ் பேசுவதை, பிடுங்கி எடுத்து வந்த ஃபல்ஸால் ஒருநாளும் பேச முடியாது. பழைய சேகரிப்பிலிருந்து, பழைய ஏலச் சீட்டோடு வரும் காசுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுங்கள். பள்ளங்களில் ஈர மண் ஒட்டியபடி ‘புது வரவு’ என்று வருவதைத் தொடாதீர்கள். மணல் நிற மண் பள்ளங்களில் நிறைந்து எழுத்தை எடுப்பாகக் காட்டும் காசுகள் உண்டு. அந்த மண்ணையே செயற்கையாகப் பூசி விற்பதும் உண்டு. தண்ணீரில் நனைத்த பஞ்சில் எளிதாக வந்துவிட்டால் அது பூச்சு.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒரு சட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்ளே வந்த காசை அயல்நாட்டு ஏலத்தில் விற்கும் வழி அடைபட்டுவிடும். குவியலாக வாங்கித் தேறியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றுவிடலாம் என்று யோசிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஒன்றிரண்டாகத் தேர்ந்து வாங்குவதுதான் இங்கே சரிப்படும்.

வீட்டுக்கு வந்த காசைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். குத்துவிளக்கு துலக்கிய கைக்கு இந்த ஆசை வரும். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் ஒரு ஹலப் காசை அப்படிப் பளபளப்பாக்கி, எழுத்தின் விளிம்பையே இழந்தார். அந்தக் கரும்பச்சைப் படலம் அழுக்கல்ல, காசின் தோல். கவலைப்பட வேண்டியது வெளிர்ப்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் மட்டும். அது உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பை உள்ளிருந்து தின்னும் நோய். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இது சீக்கிரம் பிடிக்கும். அந்தக் காசை உடனே தனியாக வையுங்கள். மற்றவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். மென்மையான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துக் காசைப் பச்சையாக்கும். அட்டைச் சட்டமோ காகித உறையோ நல்லது.

அந்தப் பதினொன்றுக்குப் பிறகு நான் வாங்கியது ரம்லா ஃபல்ஸ் ஒன்று. கலீஃபா ஆவதற்கு முன் சுலைமான் இப்னு அப்துல் மலிக் பாலஸ்தீனத்தில் நிறுவிய புது நகரம் ரம்லா; எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. என் காசில் ஒரு ஓரம் உடைந்திருக்கிறது, ஆண்டு கிடையாது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து விளிம்பை இடமாகச் சுற்றி வந்தால் முதலில் ‘பிஸ்மில்லாஹ்’ தெரியும், பிறகு ‘துரிப ஹாதல் ஃபல்ஸ்’, உடைசலுக்குச் சற்று முன்னால் ‘பிர் ரம்லா’. முதல் நாள் அந்த ஊர்ப்பெயரைப் படித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்று இரவே அந்தப் பதினொன்றையும் ஒரு டப்பாவில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். நான்கு ஆண்டு கழித்துத்தான் மறுபடி இறக்கினேன். அப்போது அவற்றில் இரண்டு ஒரே அச்சில் அடித்தவை என்று கண்ணுக்குத் தெரிந்தது.